பூக்காலத்துப் பேச்சு

என் ஓரகத்தி சூச்சினுக்குப் பூப்பித்து உண்டு. யார் இல்லையென்று சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

எண்ணெய்க்கடுகு பூக்கும் ஒரு மாதம் எங்கள் சமவெளியில் வீட்டுச் சுவர்கூட மஞ்சளாகத்தான் தெரியும். அந்த வாசனை தலைக்கு ஏறினால் நல்ல ஆள்கூடக் கொஞ்சம் பிசகிப்போவான். அதனால் பூ நிற்கும் நாளில் சொன்ன சொல்லை இந்த ஊரில் யாரும் பிடித்துவைத்துக் கேட்பதில்லை. திட்டினாலும் சரி, பெண் கேட்டாலும் சரி, பூ உதிர்ந்து நெற்று பிடித்த பிறகு அதையே இன்னொரு தடவை சொன்னால்தான் அது சொல்.

சூச்சின் மேற்கு மலைக்காரி. அங்கே மக்காச்சோளமும் கல்லும்தான் விளையும். கல்யாணமாகி அவள் படகிலிருந்து இறங்கியது பூக்காலத்தில். கரையிலேயே நின்றுவிட்டாள். "இதெல்லாம் யாரு அக்கா கொட்டுனது?" என்று என்னைக் கேட்டாள். எங்கள் மாமியார் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார், மகனுக்கு வாய்த்தது கிறுக்கு என்று.

மற்ற மாதங்களில் அவள் இரண்டு ஆள் வேலை செய்வாள். நெல் அறுத்த ஈரம் காய்வதற்குள் கடுகு நாற்றைப் பிடுங்கி நடுவாள். பனி விழுந்தால் விடியலில் போய் விளக்குமாற்றால் தட்டிவிடுவாள். குளிர் முடியும்போது கொழுந்துத் தண்டை ஒடித்து, புகையில் காய்ந்த பன்றிக்கறியோடு வதக்கி எனக்கும் ஒரு கிண்ணம் தருவாள். நடவில் மட்டும் இடைவெளி அதிகம் விடுவாள். சொன்னால் கேட்கமாட்டாள்.

பூ வந்ததோ, ஆள் காணாமல் போய்விடுவாள். பாத்திக்கு நடுவே மல்லாந்து கிடப்பாள். இமையில் மகரந்தம் படிந்திருக்கும், தலைமுடியில் தேனீ நடக்கும். எழுந்து வாடி என்றால், தண்ணீருக்கடியில் படுத்திருப்பது போல இருக்கிறது, கொஞ்சம் இருங்கள் என்பாள். அப்போது அவள் சொல்வதற்கெல்லாம் ஊரே சிரிக்கும். பூப்பேச்சு, விடு என்பார்கள்.

அவள் வீட்டுக்காரர், என் கொழுந்தன் சாங்கெங், வூஹானில் கட்டட வேலை பார்த்தார். முன்னோர் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்யும் திருநாளுக்குத்தான் ஊருக்கு வருவார். ஒரு வருஷம் அவர் வந்தபோது இறால்காரர் கோங் சாராயக் குப்பியோடு பின்னாலேயே போயிருக்கிறார். வயலைத் தோண்டிக் குளமாக்கிச் சிவப்பு இறால் வளர்க்கிறவர் அவர். எங்கள் தெருவில் பாதி நிலம் அதற்குள் தண்ணீராகிவிட்டிருந்தது. தன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில், பூவுக்கு நடுவில் நின்றபடி, மூன்று கிண்ணம் குடித்துவிட்டுத் முக்கால் ஏக்கர்கூட வராத தன்னுடைய நாலு மூ நிலத்தையும் தருவதாக சாங்கெங் வாக்குக் கொடுத்துவிட்டார். கோங் ஒரு கட்டு சிகரெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வீட்டில் சாப்பிடும்போது சாங்கெங் இதைச் சொன்னாராம். சூச்சின் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தவள் அப்புறம் எடுக்கவில்லை. மறுநாள் முழுக்க வயலில் கிடந்தாள். நான்தான் இழுத்துவரப் போனேன்.

"அக்கா, தோண்டிட்டா இந்த மஞ்சளெல்லாம் எங்க போகும்?"

கிறுக்குத்தனமாகப் பேசாதே, குனிந்து நிமிர்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்படு என்று திட்டினேன். என் முழங்கால் வலிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.

அடுத்த நாள் கோங் அளவுக்குச்சிகளோடு வந்து வரப்போரம் நட்டார். வேடிக்கை பார்க்க ஊர் கூடிவிட்டது. பூவை விலக்கிக்கொண்டு சூச்சின் வெளியே வந்தாள். தலை முதல் கால்வரை மஞ்சள்.

"அண்ணே, நான் இந்த ஊருக்கு வந்ததுலேருந்து, பூக்காலத்துல நான் பேசுன ஒரு பேச்ச யாராச்சும் எடுத்துருக்கீங்களா?"

"உன் பேச்ச யாரும்மா எடுப்பா?" என்றார் கோங்.

"அப்ப இவரு பேச்ச மட்டும் எதுக்கு எடுக்குறீங்க? இவரு எங்க நின்னு சொன்னாரு? இடுப்பளவு பூவுக்குள்ள நின்னுல்ல சொன்னாரு."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். கோங்கும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். அதற்கு முந்தின வருஷம் ஒரு பன்றி விலையில் அவரே இப்படித்தான் நழுவினார், அது எல்லோருக்கும் தெரியும். குச்சிகளைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நெற்று பிடித்து அறுப்பு முடியட்டும், வருகிறேன் என்றார். சிகரெட்டைத் திருப்பிக் கேட்டார். பாதிதான் மிச்சமிருந்தது.

சாங்கெங்குக்குக் கோபம். ஆனால் வாக்கை மறுபடி சொல்ல ஆள் இருக்கவேண்டுமே, வூஹானுக்குப் போகாமல் தங்கிவிட்டார். அவள் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. நெற்றில் கொஞ்சம் பச்சை இருக்கும்போதே ஒரு விடியலில் அவரை எழுப்பி அரிவாளைக் கையில் கொடுத்தாள். "பனி இருக்கயிலயே அறுக்கணும். வெயில் வந்தா நெத்து வாயத் தொறந்துரும்" என்றாள். அறுத்ததை ஐந்து நாள் வயலிலேயே, அடிக்கட்டை மேல் காயப் போட்டார்கள். துணி விரித்துக் கோலால் அடித்தபோது தூரத்து மழை மாதிரி ஒரு சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. அவர் காதில், செருப்பில், கஞ்சியில் எல்லாம் கறுப்பு விதை.

வியாபாரி ஒரு சிட்டிகையைக் கடித்துப் பார்த்து, காய்ச்சல் போதும் என்று பெரும்பகுதியை ஏற்றிக்கொண்டார். மூன்று மூட்டை மட்டும் செக்குக்குப் போயிற்று. அடுத்தவன் எண்ணெயோடு மாறிவிடாமலிருக்க, செக்குப் பக்கத்திலேயே மூவரும் உட்கார்ந்திருந்தோம். வறுபட்ட விதையின் புகை, பிறகு தேன் நிறத்தில் எண்ணெய். செக்குக்காரர் ஆவியில் வெந்த ரொட்டியை அதில் தோய்த்துக் கொழுந்தனிடம் நீட்டினார். அதை மென்றுகொண்டே அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், கண் பாதி மூடி. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். பாத்தியில் பார்த்த முகம்தான்.

மறுநாள் காலை கோங் வந்தார். "ஆட்டியும் ஆச்சு. இப்ப சொல்லு."

சூச்சின் முதுகைக் காட்டிக்கொண்டு ஜாடி கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

சாங்கெங் காதைக் குடைந்தார். ஒரு விதை விழுந்தது. "கீழ அரை மூவுல தண்ணி நிக்குது, வேரு அழுகுது. அதத் தோண்டிக்குங்க. மிச்சத்துக்கு எனக்கு வாய் வரல."

"உனக்கும் புடிச்சிருச்சாப்பா?"

"புடிச்சிருக்கும்" என்றார் அவர். ஜாடி கழுவுகிற சத்தம் மறுபடி கேட்டது.

அந்த அரை மூ இப்போது குளம். பூக்காலத்தில் சூச்சின் அதன் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மஞ்சள் குறையவில்லை, தண்ணீருக்குள்ளும் கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிடுகிறாள். போய்ப் பார்த்தேன். கிடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நடவில் அவள் விடுகிற இடைவெளி அதிகம்தான்.