சிவப்பு ப்ளாஸ்க் கிளம்பியாச்சு!

போன மாதம் ஒரு திங்கட்கிழமை எங்கள் வீட்டு ரசத்தில் உப்பே இல்லை. என் கணவர் அதைக் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தார். எனக்குப் பகீரென்றது... ஒரு கல் குறைந்தாலும் ரிப்போர்ட் எழுதுகிற மனிதராயிற்றே!

அவர் வேலையும் அப்படி. வங்கிகளை மேற்பார்வை பார்க்கும் அரசாங்க ஆபீசில் இன்ஸ்பெக்டர். காலையில் கதவு திறக்கும்போதே திடீரென்று ஒரு கிளைக்குள் நுழைவார். பெட்டகச் சாவி யாரிடம், கடனுக்குக் காகிதம் எங்கே, ரிஜிஸ்டரில் ஏன் கையெழுத்து இல்லை என்று குடைந்தெடுப்பார். எந்தக் கிளை என்று எனக்குக்கூடச் சொல்லமாட்டார். முதல் நாள் ராத்திரி, "நாளைக்குக் காபி வேணும்" என்பதோடு சரி.

"என்னன்னா, உடம்பு சரியில்லையா?"

"கடைசி மூணு இன்ஸ்பெக்‌ஷனும் முன்னாடியே தெரிஞ்சுபோயிருக்குடி. போனா, மேனேஜர் வாசல்ல ரோஜாப்பூவோட நிக்கறான்! நான்தான் சொல்லிடறேன்னு ஆபீஸ்ல சந்தேகப்படறா. இன்னொரு தரம் ஆச்சுன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாளாம்."

இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெயர்!

மறுநாள் மாடிப்படியில் இரண்டாம் மாடி கிட்டுவைப் பிடித்தேன். செம்பூரில் ஒரு வங்கியில் கிளார்க்.

"ஏண்டா கிட்டு, மாமா வரது உங்களுக்கெல்லாம் எப்படிடா தெரியறது? யார் சொல்றா?"

"யார் சொல்லணும் மாமி? மத்த நாள்ல மாமா வெறுங்கையை வீசிண்டு போறார். இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் தோள்ல சிவப்பு ப்ளாஸ்க்! மாடுங்கா ஸ்டேஷன்ல நாலஞ்சு பேங்க்காரா நிப்போம். பார்த்த உடனே போன்தான். 'ப்ளாஸ்க் நிகல் கயா!', கிளம்பியாச்சுன்னு குர்லா, செம்பூர் பூரா தெரிஞ்சுடும்."

அட ராமா! சோதனைக்குப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார் என்றுதானே காபி கொடுத்தனுப்புகிறேன்? கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய யோக்கியதையும் என் காபியுமா?

"அங்கேயே ஒரு வாய் குடிச்சாத்தான் என்னவாம்?" என்று ராத்திரி அவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அவன் காபியைக் குடிச்சுட்டு அவன் தப்பை எப்படிடி எழுதறது?"

கோபம் கோபமாக வந்தது. பெருமையாகவும் இருந்தது — அதை அவரிடம் சொல்வேனா?

மறுநாளிலிருந்து தினமும் ப்ளாஸ்க்கைத் தோளில் மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போனால்கூட!

பத்தே நாளில் கிட்டு புலம்ப ஆரம்பித்தான். "மாமி, தினம் ப்ளாஸ்க் கிளம்பறதே! மேனேஜர் ஒரு ரிஜிஸ்டரையும் பாக்கி வைக்க விடமாட்டேங்கறார். எங்களுக்கு முதுகு ஒடியறது!"

யோசித்துப் பார்த்தால் கண்காணிப்பு என்பதே இவ்வளவுதானோ? இன்ஸ்பெக்டர் வருவது வருஷத்தில் ஒரு நாள். வருவாரோ என்ற பயம்தான் பாக்கி நாளெல்லாம் வேலை வாங்குகிறது.

போன புதன்கிழமை அவர் ஒரு கிளைக்குள் நுழைந்தபோது மேனேஜர் வாய் நிறைய வடா பாவுடன் உட்கார்ந்திருந்தாராம். ரோஜாப்பூ இல்லை! ஆனால் ரிஜிஸ்டரெல்லாம் கச்சிதமாம். ஆபீசில் முதுகில் தட்டிக் கொடுத்தார்களாம்.

அன்று இரண்டாம் தரம் ரசம் கேட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு ஒரு கல் கம்மி" என்றார். அப்பாடா... எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நேற்று கிட்டு கெஞ்சினான். "மாமி, நிஜமா எந்த நாள்னு உங்களுக்காவது தெரியுமா?"

தெரியாமல் என்ன? மற்ற நாளெல்லாம் அது காலி ப்ளாஸ்க்!