பஸ்ஸில் வந்தவர்கள் கை தூக்குங்கள்

டீசலுக்கு வரிசையில் நின்ற காலமெல்லாம் முடிந்து, ஊர் மறுபடியும் பழைய மாதிரி நடமாடத் தொடங்கியிருந்த சமயம் அது. நான் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் குடியிருக்கிறேன். வேலை டவுனில், ஒரு புடவைக் கடையில். காலையில் பஸ்ஸில் போவதும் சாயந்திரம் பஸ்ஸில் திரும்புவதும் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து பழகிப்போன ஒன்று.

தட்டுப்பாடு இருந்தபோது எங்கள் கடைசி பஸ்ஸை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். நேரத்தோடு ஓட்டத்தை முடித்தால்தான் டிரைவர் போய் டீசல் வரிசையில் வண்டியைப் போட முடியும் என்றார்கள். அதுவும் நியாயம்தானே என்று நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அப்போது கடைகளையும் வெளிச்சத்திலேயே சாத்திவிடுவார்கள். பிறகு வரிசைகள் ஓய்ந்தன. கடைகள் பழையபடி இருட்டும்வரை திறந்திருந்தன. பஸ் மட்டும் தன் பழைய நேரத்துக்குத் திரும்பி வரவே இல்லை. நாங்கள் கடைக்குள் சேலை மடித்துக்கொண்டிருக்கும்போதே அது ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விடும்.

அதனால் மெயின் ரோட்டில் போகும் வேறொரு பஸ்ஸில் தொற்றிக்கொண்டு சந்தியில் இறங்கி, அங்கிருந்து தேயிலைக்கு நடுவே மேலே ஏற வேண்டியிருந்தது. மழை, மூடுபனி, காலில் அட்டை. சிறுத்தை நடமாட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டால் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்போம். ஆட்டோ என்றைக்காவது ஒரு நாள் பிடிக்கலாம், தினமும் கட்டுப்படியாகாது.

என்னோடு ஏறி வருகிறவர்களில் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளில், குடியிருக்கும் தோழி ஒருத்தி. மருந்துக் கடையில் வேலை. ஒரு மழை நாளில் அவள் கால் வழுக்கி, தண்ணீர் வடிவதற்காக மலையில் வெட்டியிருக்கும் கானுக்குள் விழுந்தாள். தூக்கி நிறுத்தியபோது மணிக்கட்டு வேறு திசையில் திரும்பியிருந்தது. கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளை அதற்கு மேல் வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்துச் சொன்னார். "அடுத்தது நீதான். பேசாம வேலைய விட்டுட்டு வீட்டுல இரு."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அதனால் எனக்குச் சண்டை போடவும் முடியவில்லை. ஆனால் அந்த வேலை எனக்குச் சம்பளம் மட்டுமில்லை. காலையில் தலை வாரி, சேலை கட்டி, நாலு பேரோடு பேசிச் சிரித்துவிட்டு வருகிற வாழ்க்கை அது. ஒரு பஸ்ஸின் நேரத்தால் அது போகப்போகிறது என்றால் மனசு ஒப்பவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் கீப்பரிடம் கேட்டேன்.

"நேரமெல்லாம் நான் போடுறது இல்லம்மா. அதுக்குன்னு கூட்டம் இருக்கு. அடுத்த வாரம்கூட ஒன்னு வைக்கிறாங்க. ஆபீஸ் ஆளுங்க வருவாங்க, பஸ் மொதலாளிமாரு வருவாங்க."

"பஸ்ல போறவங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். "அவங்க எதுக்கும்மா?"

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது என்று சொல்ல வேண்டும். அன்று சாயந்திரம் சந்தியிலிருந்து ஏறும்போது எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "கூப்பிடாத எடத்துக்கு எப்படிப் போறது?" என்று சிலர் தயங்கினார்கள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் ஒரு சிங்கள அக்காவும் எங்களோடு கொஞ்ச தூரம் ஏறி வருவார். அவருடைய வீடு சந்திக்குச் சற்று மேலே. தமிழ் நன்றாகப் புரியும். அவர்தான் முதலில், "நான் வாறேன்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். கட்டுப் போட்ட கையோடு என் தோழியும் வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

கடை முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்கும்போது திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "போயிட்டு வா. பஸ் இல்லன்னு சொல்லி எத்தன புள்ளைங்கதான் வேலைய விட்டுப் போவும்" என்று அனுப்பிவைத்தார்.

அலுவலக வாசலில் பியோன் மறித்தார். "யாரு நீங்கல்லாம்? அழைப்பு இருக்கா?"

"பஸ்ல வாறவங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி வெளியே வந்தார். யாழ்ப்பாணத்து ஆள் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று கேட்டார். சொன்னோம். கேட்டவர் உள்ளே போய்க் கூட்டத் தலைவரிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "உள்ளுக்கு வாங்கோ. பின்னால நில்லுங்கோ. கேட்டா மட்டும் கதையுங்கோ."

உள்ளே பெரிய மேசை. சுற்றிலும் கோப்புகளும் தண்ணீர்ப் போத்தல்களும். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. எனக்குக் கடையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் சிங்களம் வரும், ஆனாலும் எங்கள் ரோட்டின் பேர் வந்ததும் காது கூர்மையாகிவிட்டது. பஸ் முதலாளி ஒருவர் எழுந்து, கடைசி ஓட்டத்தில் வண்டி காலியாகத்தான் மேலே போகிறது, அதையும் நிறுத்திவிட்டால் நல்லது என்றார். மேசையில் ஒருவரும் மறுக்கவில்லை. தலைவர் பேனாவை எடுத்தார்.

கேட்டால்தான் பேச வேண்டும் என்று சொன்னது ஞாபகம் இருந்தும், கை தானாக மேலே போய்விட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. வாயைத் திறந்தேன், சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி அக்கா என் முதுகில் கை வைத்து, "கியன்ன நங்கி" என்றார். சொல்லு தங்கச்சி என்று அர்த்தம்.

தமிழிலேயே சொன்னேன். "பஸ் காலியாப் போவுதுன்னு அய்யா சொல்றது உண்மதாங்க. அந்த நேரத்துல நாங்க எல்லாரும் கடையில, ஆஸ்பத்திரியில, வேலையில நிக்கிறோம். நாங்க வெளிய வாறப்ப பஸ்ஸு தோட்டத்துக்குப் போயிருது. பஸ்ல ஏற ஆள் இல்லாம இல்லைங்க. ஏறுற நேரத்துல பஸ்ஸுதான் இல்ல."

யாழ்ப்பாணத்து அதிகாரி அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். என் தோழி முன்னால் வந்து கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். எங்கே விழுந்தாள், ஏன் அந்த வழியாக நடந்தாள் என்று சுருக்கமாகச் சொன்னாள்.

முதலாளி விடவில்லை. சனங்கள் இப்போது வேறு வழி பழகிவிட்டார்கள், இனி நேரத்தை மாற்றினாலும் ஏற மாட்டார்கள் என்றார். அப்போது ஆஸ்பத்திரி அக்கா முன்னால் வந்தார். சிங்களத்தில், சிரித்த முகத்தோடு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க. இங்கே இருக்கிறவங்கள்ல இன்னைக்கு பஸ்ஸில் வந்தவங்க கொஞ்சம் கை தூக்குறீங்களா?"

சுவரோரம் நின்ற எங்கள் கைகள் எல்லாம் எழுந்தன. மேசையைச் சுற்றி ஒரு கையும் எழவில்லை. யாழ்ப்பாணத்து அதிகாரி மட்டும் கொஞ்சம் வெட்கத்தோடு தன் கையைத் தூக்கினார். டீ கொண்டுவந்த பியோன், எங்களை வாசலில் மறித்த அதே பியோன், ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார். முதலில் யாரோ களுக்கென்று சிரிக்க, பிறகு தலைவரே சிரித்துவிட்டார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "உங்களுக்கு எந்த நேரம் சரி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அதுவரை எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

கடை மூடி, ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முடிந்து, நடந்து ஸ்டாண்டுக்கு வருகிற நேரத்தைச் சொன்னோம். முதலாளி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் நானே சொன்னேன்: "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கய்யா. ஆள் இல்லன்னா நாங்களே இங்க வந்து நிப்பாட்டச் சொல்றோம்." தலைவர் அதற்கு ஒப்புக்கொண்டார். வெளியே போகும்போது முதலாளி என்னிடம், "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிதாகப் பேசிவிட்டு வந்தேனே தவிர, எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் சொன்னதுபோல ஆள் வராமல் போய்விட்டால்? அடுத்த சில நாட்கள் நாங்கள் லயம் லயமாகப் போனோம். வேலையை விட்டவர்களிடம், டியூஷனை நிறுத்திய பிள்ளைகளின் அம்மாமாரிடம், சந்தைக்குப் போகிறவர்களிடம் எல்லாம் பஸ் வரப்போகிறது என்று சொன்னோம். என் வீட்டுக்காரரும் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவைத்தார்.

புது நேரத்தில் பஸ் ஓடிய முதல் நாள் விடாத மழை. கடையைச் சாத்தியதும் குடையை விரித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். ஸ்டாண்ட் மூலையில் திரும்பியதும் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்த எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு சீட் காலியில்லை. நிற்கவும் இடம் தேட வேண்டியிருந்தது. எனக்கு முன்பின் தெரியாத முகங்கள்கூட இருந்தன. ஆஸ்பத்திரி அக்கா கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார், கூட்டத்தில் தூக்கிய மாதிரியே. கண்டக்டர் நசுங்கிக்கொண்டு வந்து, "அக்கா, காலி பஸ்ஸுன்னு சொன்னாங்க, எனக்கு நிக்க எடம் இல்லையே!" என்றார். பஸ்ஸே சிரித்தது. சந்தியைத் தாண்டி அது எங்கள் ரோட்டில் மேலே ஏறத் தொடங்கியபோது யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினோம்.

அந்த ஒரு மாதம் முடிந்தது. நிறுத்தச் சொல்லும் பேச்சே எழவில்லை. கை குணமானதும் என் தோழி மருந்துக் கடைக்குத் திரும்பிவிட்டாள்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் அடுத்த கூட்டத்தின்போது கிடைத்தது. பயணிகள் தரப்பிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும் என்று எங்களுக்கு அழைப்பு வந்தது. நானும் ஆஸ்பத்திரி அக்காவும் போனோம். இந்த முறை சுவரோரம் நிற்கவில்லை, மேசையில் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். டிஸ்பென்சரிக்கு முன்னால் பஸ் நிற்க வேண்டும் என்று கேட்டோம். நின்றது. சந்தியில் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கேட்டோம். அது வர நாளானது, ஆனாலும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், எங்களை எதிர்த்த அதே பஸ் முதலாளி ஒருநாள் கடைக்கே தேடி வந்து, "மேல் வளைவுல ரோட்டு ஒடைஞ்சு கெடக்கு, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க, நீங்க பேசினா நடக்கும்" என்று கேட்டுக்கொண்டார். அதையும் பேசினோம்.

இன்றைக்கும் அதே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகிறேன். பெரும்பாலும் சீட் கிடைப்பதில்லை. ஆனால் இந்த நேரம் நாங்கள் வாய் திறந்து கேட்டு வாங்கிய நேரம் என்று நினைத்துக்கொண்டால், வீடு போய்ச் சேரும்வரை நின்றுகொண்டே போனாலும் எனக்குக் கால் வலிப்பதே இல்லை.