பதினொரு குஞ்சுகளும் ஆகாயத்தாமரையும்

எங்கள் குடும்பத்தில் ஒரு செய்தியை மூன்றாம் முறை சொல்லும்போது கெண்டை சுறாவாகிவிடும். ஆகவே நானும் தங்கையும் தனித்தனியே நினைவுகூர்ந்தோம்; இருவருக்கும் ஒத்தவற்றையே உறுதியானவையாக எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. திருநகர் வீட்டு முன்னறையில், வெயில் விழும் சன்னலோரம், பெரியப்பா ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். விருந்தினர் கண்ணுக்குக் கப்பி மீன்கள் மின்ன வேண்டும் என்பது அவர் விருப்பம். மீன்கள் மின்னின, நான்கே நாளில் தண்ணீரும் பச்சையாயிற்று. ஞாயிறுதோறும் அதை முழுவதும் கொட்டிப் புதுநீர் நிரப்புவார். திங்களன்று ஓரிரு மீன்கள் செத்து மிதக்கும். பிறந்த குஞ்சுகளையோ தாய்மீனே விழுங்கிவிடும்.

கண்மாயில் ஆகாயத்தாமரையின் நிழலில் தண்ணீர் தெளிந்திருப்பதையும், அதன் தாடிவேர்களுக்குள் பொடிமீன்கள் ஒளிவதையும் நான் பார்த்திருந்தேன். நான்கு செடிகளைக் கொணர்ந்து, நன்கு அலசி, தொட்டியில் மிதக்கவிட்டேன்.

“கண்மாய்க் குப்பைய எவடி இதுல போட்டது?”

“நான்தான் பெரியப்பா. வெயில அது மறைச்சிரும், தண்ணி பச்சையாகாது. குஞ்சும் பொழைக்கும்.”

“அம்புட்டுத் தெரியுமோ? மீனு வித்தவனே சொல்லல, இவ சொல்ல வந்துட்டா!”

“வித்தவன் கண்மாயப் பாத்திருக்க மாட்டான்.”

தங்கை சிரித்துவிட்டாள். செடிகள் வாசலில் போய் விழுந்தன. பொறுக்கிவந்து மீண்டும் இட்டேன். மறுநாளும் அவர் எறிந்தார். மறுநாளும் நான் இட்டேன். அம்மா கண்ணால் எச்சரித்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் வேர்களுக்குள் பதினொரு குஞ்சுகள் இருந்தன.

“இப்பச் செடிய எடுத்தா அம்புட்டையும் தாய் தின்னுரும். எடுங்க பாப்போம்” என்றேன்.

“பள்ளிக்கூடம் போயிட்டு வா. வாரப்ப ஒரு செடி கெடந்தாலும் மீசைய எடுத்துர்றேன்.”

மாலையில் திரும்பியபோது என் நான்கு செடிகளும் வாசலில் வாடிக் கிடந்தன. உள்ளே ஓடினேன். தொட்டியில் அவற்றினும் பெரிய ஐந்து செடிகள் மிதந்தன. குஞ்சுகள் பதினொன்றும் இருந்தன. பெரியப்பா டிரான்சிஸ்டரில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். மீசையும் இருந்தது.

வென்றது நானே என்று நிமிர்ந்து நின்றேன். புதுச்செடிகளுக்காக யார் கண்மாய்க்குப் போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்று வீட்டிலிருந்தவர்கள் அம்மாவும் பெரியப்பாவும் மட்டுமே. அம்மாவின் சேலைக்கரை நனைந்திருந்தது என்கிறாள் தங்கை. பெரியப்பாவின் மிதிவண்டியில் சேறு இருந்தது என்பது என் நினைவு. இவ்விரண்டும் ஒத்துப்போகவில்லை. போனது யார் என்பது எனக்குத் தெரியாது.