எடுக்க மறந்த மரச்சில்லு

இருங்காட்டுக்கோட்டை வாடகை வீட்டில் மின்விசிறிக்குக் கண்டன்சர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏசுவடியான் ஸ்டூல்மேல் நின்றார். மகள் ஞானக்கனி கீழே டெஸ்டரோடு. ஒயரை முறுக்கி டேப் சுற்றியபடி, அவள் முகம் பார்க்காமல் சொன்னார்:

"அந்தச் சில்லச் சொருகுனது நான்தாம்ளா."

எந்தச் சில்லு என்று அவளுக்குத் தெரியும். அவர் கம்பெனியில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் லைனுக்குச் சூப்பர்வைசர். பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே சிக்காது. டார்கெட் எட்டாத நாளில் ஒரு பொத்தானில் மரச்சில்லைச் சொருகிவிட்டால் அது அமுங்கியே கிடக்கும்; ஒரு கை போதும், வேலை பறக்கும். 2001இல் ஒருநாள், ஆட்கள் வீட்டுக்குப் போகத் தவிக்கிறார்களே என்று இரங்கிச் சொருகியவர், எடுக்க மறந்துவிட்டார். அடுத்த ஷிப்டுக்கு வந்த பேச்சிராஜ், பழக்கத்தில் இடது கையைப் பொத்தான்மேல் வைத்தபடி வலது கையால் தகட்டைச் சரிசெய்தான். அச்சு இறங்கி மூன்று விரல் போயிற்று. சில்லை வைத்தது பேச்சிராஜேதான் என்று விசாரணையில் எழுதினார்கள். வேலையும் போயிற்று. ஏசுவடியான் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் அவரைப்போல் நல்லவர் கிடையாது. சனிக்கிழமைதோறும் பேச்சிராஜ் குடியிருந்த வடக்குப்பட்டுக்குச் சைக்கிளில் போவார். அவன் வீட்டுக்குக் கூரை மாற்றினார். அவன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தார். லைனில் கூட வேலைபார்க்கும் நடேசன் சீண்டுவான்: "இன்னா அண்ணாத்தே, சொர்க்கத்துல சீட்டு புடிச்சிகினியா? பக்கத்துல எனக்கும் ஒரு துண்டு போட்டு வையி."

கோயில் ஆராதனையில் மட்டும், கைநீட்டி அப்பம் வாங்கும் திருவிருந்துக்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிடுவார். மூன்று வருஷமாக.

ஞானக்கனி டிப்ளமோ முடித்து, உதிரிபாகங்களை அளந்து, தேறாததை ரிஜெக்ட் என்று ஒதுக்கும் வேலையில் இருந்தாள். ஸ்டூலுக்குக் கீழே நின்றபடியே கேட்டாள்:

"யப்பா, ரிஜெக்ட் பீஸை ஆயிரம் நல்ல பீஸோட சேத்து வச்சா ஓக்கே ஆயிருமா?"

"ஆவாது."

"அப்பொ? நீங்க செஞ்சு தீக்க முடியாதுன்னுதான அவரு சிலுவையில தொங்குனாரு. உள்ளத ஒத்துக்கிட்டு, மன்னிப்பக் கைய நீட்டி வாங்கிக்கிடுங்க."

"சும்மா தாரத எப்பிடிளா வாங்க? இன்னுங் கொஞ்சம் செஞ்சுக்கிடுதேனே." ஸ்டூலிலிருந்து இறங்கினார். "சனிக்கிழம போயி அவன்ட்ட சொல்லிருதேன்."

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். இறக்கும்போது உயிர் இல்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம். பேச்சிராஜ் மிச்சமிருந்த இரண்டு விரலால் பெட்டியைத் தொட்டுக்கொண்டு அழுதான். "இவுக மோட்சத்துக்குப் போவலன்னா வேற எவம்மா போவான்? எனக்குத் தெய்வம்லா அண்ணாச்சி!"

ஞானக்கனிக்கு உள்ளதைச் சொல்லத்தான் வந்தது. அவன் தோளைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் அவர் செய்த நன்மைகளையே சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவற்றில் ஒன்றுகூட அவளைத் தேற்றவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே: பஸ்ஸில் சாய்ந்த அந்த நிமிஷத்தில் அப்பா கையை நீட்டினாரா, இல்லை, அப்போதும் இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்றே இருந்தாரா? யாரைக் கேட்பது?

சனிக்கிழமை விடிந்தது. சில்லைச் சொருகியது யார் என்று தெரியாமல் பேச்சிராஜ் வடக்குப்பட்டில் இருந்தான். அவனிடம் சொல்ல யாரும் போகவில்லை.