தண்ணி கலியமூர்த்தி வீட்டு நிச்சயம்

எங்கள் ஊரில் ஒருவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நாலு நாள் யோசிப்பார்கள். பட்டப்பெயர் வைக்க மட்டும் யோசிக்கவே மாட்டார்கள். காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்குத் தமிழ்மணி என்று அழகான பெயர் இருக்கிறது. ஆனாலும் நான் 'கலர் ஜெராக்ஸ்'தான். அடுத்த தெருக் கலியமூர்த்தி மாமாவுக்கு வைத்த பெயர் 'தண்ணி'. அதை வைத்தவன் அநேகமாகக் காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்தவனாக இருப்பான்.

மாமா குடிகாரர் இல்லை. ஐம்பத்தைந்து வயது வரைக்கும் சாராயமோ பிராந்தியோ ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை. வயலில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறவர் அவர். பக்கத்தில் கடலாட்டம் வீராணம் ஏரி கிடக்கிறது. அங்கிருந்து சென்னைக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் போகிறது. ஏரிக்கு இந்தப் பக்கம் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் வர மாமாவுடைய பழைய மொபெட்டை விட்டால் வேறு வழி கிடையாது. அதனால் நடவுக்கு ஆள் சொல்லும்போதே தண்ணிக்கு மாமாவையும் சொல்லிவிடுவார்கள்.

அந்த வேலையில் அவர் பண்ணுகிற அலட்டல் இருக்கிறதே, சொல்லி மாளாது. விடிவதற்குள் கேனில் கல்லுப்பு போட்டுக் குலுக்கி மூன்று தடவை அலசுவார். கோயில் கைபம்பில் முதல் இருபது அடிப்பில் வருகிற தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு அப்புறம்தான் பிடிப்பார். கேனைச் சுற்றி நனைத்த கோணிச்சாக்கு. வரப்பில் புங்கமரம் இருந்தால் அதன் அடியில் வைத்து, நிழல் நகர நகரக் கேனையும் நகர்த்திக்கொண்டே இருப்பார். மரம் இல்லாவிட்டால் வரப்போரம் குழி வெட்டி இறக்கி வைக்கோல் போட்டு மூடுவார். ஒரு தடவை யாரோ பூச்சிமருந்து பாட்டிலைக் கேனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான் என்று நாற்பது லிட்டரையும் வாய்க்காலில் கொட்டிவிட்டுத் திரும்ப ஊருக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவரைக் கிறுக்கன் என்று சொல்லிச் சிரித்தோம். அத்தனை பேரும் அவர் கொண்டுவந்ததைத்தான் குடித்தோம்.

இதெல்லாம் ஊருக்கு வேடிக்கை. அவர் பெண் வினோதினிக்கு வினை. சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள், இருபத்தெட்டு வயது. ஐந்து இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். பெண்ணைப் பிடித்தது, வேலையைப் பிடித்தது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதும் ஜாதகம் சரியில்லாமல் போய்விட்டது. ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி. அவள் அம்மா பட்டம்மாள், "இன்னொரு தடவ தட்டிப்போச்சுன்னா நான் உசிரோட இருக்கமாட்டேன்" என்று தெருவில் நின்று அழுதது எல்லோருக்கும் தெரியும்.

ஆறாவது இடம் சேத்தியாத்தோப்பு. மாப்பிள்ளை ஆகாஷுக்குக் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. அவனுடைய தாய்மாமன் சேரன், பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வைகாசியில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்தார்.

"கலியமூர்த்தின்னு ஒருத்தரு. ஆளு எப்படிங்க?"

"யாரு, தண்ணி கலியமூர்த்தியா?" என்றேன். பழக்கதோஷம்.

"தண்ணியா?" என்று அவர் புருவம் ஏறியது.

அந்த இடத்திலேயே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். எங்கே? எங்கள் ஊர்க்காரர்களுக்கு நாக்கு நீளம், எனக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. "காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் தண்ணிதாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல அவரு ஊத்திக் குடுத்துக் குடிக்காத ஆளே கெடையாது" என்றேன்.

"பொம்பளைங்களுமா?"

"அவுங்கதாங்க ஜாஸ்தி!"

பொய் ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். அதுதான் என் கெட்டிக்காரத்தனம். சேரன் அதோடு விடவில்லை. வயல்வேலை முடிந்து ரோட்டோரம் நின்ற தில்லையம்மாளிடம் போய், "கலியமூர்த்தி கொண்டாறது எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா வெள்ளந்தி. "தேனாட்டம் இருக்கும்யா. கலப்படமே கெடையாது. ஒரு சொம்பு உள்ள போனா நாலு கட்டு நாத்து ஜாஸ்தியா நடுவோம்" என்று சொல்லிவிட்டது.

சம்பந்தம் போச்சு என்றுதான் நினைத்தேன். சேரன் ஊருக்குப் போனதும் நானே மாமா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நடந்தது வேறு. நாலாம் நாள் சேத்தியாத்தோப்பிலிருந்து போன் வந்தது. ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் பண்ணிவிடலாம் என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணி அடிக்கிற ஆளென்று சேரன் எடுத்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். அவர், சாராயம் சப்ளை பண்ணுகிற பெரிய புள்ளி என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பட்டம்மாள் அத்தை ஜாதகம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள். கண்ணெல்லாம் தண்ணீர். "உன்ன விசாரிச்சாங்களாமே. நல்ல வார்த்த சொல்லியிருக்க. நீ நல்லா இருப்ப தம்பி" என்றார்கள். உண்மை என் தொண்டை வரைக்கும் வந்தது. வெட்கம் அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டது. ஜாதகத்தை இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தேன்.

ஆனி மாதம், உச்சிவெயில். வாசலில் ஷாமியானா. மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா அறிவழகன், கஞ்சி போட்ட வேட்டி சட்டையும் சிவந்த கண்ணுமாக வந்தார். பத்தடி தள்ளி நின்றாலே நேற்று ராத்திரி என்ன குடித்தார் என்று சொல்லிவிடலாம். தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரத்தில் அவர் மாமாவின் தோளில் கை போட்டுக் கொல்லைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். கூடவே சேரன். நானும் பின்னால் போனேன்.

"சம்பந்தி, தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஒங்க தண்ணிய ஒரு ரவுண்டு ருசி பாத்துடலாமா? ஊரே புகழுதே!"

மாமாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் அவர் தண்ணீரைப் பெரிய மனிதர் ஒருவர் இப்படி மதித்துக் கேட்டதில்லை. "இந்தா வந்துட்டேன் சம்பந்தி!" என்று ஓடினார். ஈரச் சாக்கு சுற்றிய கேனைத் தோளில் தூக்கிவந்து, கண்ணாடி டம்ளரைத் துடைத்து நிரம்ப ஊற்றினார். அறிவழகன் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஒரே மடக்கில் கவிழ்த்தார். கண்ணைத் திறந்தார்.

"என்னாய்யா இது?"

"தண்ணிங்க."

"தண்ணின்னு தெரியுது. தண்ணி எங்க?"

மாமாவுக்கு விளங்கவில்லை. மறுபடி ஊற்றப் போனார். சேரனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "மச்சான், இந்த ஜெராக்ஸ் கடைக்காரன்தான் சொன்னான்!" என்று என்னைக் காட்டினார். அவர் போட்ட சத்தத்தில் கல்யாண வீடே கொல்லைக்கு வந்துவிட்டது.

"நீயா தம்பி அப்படிச் சொன்ன?" என்றார் மாமா.

"வெளையாட்டுக்குச் சொன்னேன் மாமா" என்றேன். செருப்பால் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் அறிவழகன் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்பு என்னுதுங்க. ஆனா அவரு குடிக்கவே மாட்டாருங்க. பொண்ணு குடுக்கற எடத்துல அது நல்லதுதானே?"

அறிவழகன் கையை உதறினார். "யோவ், நாலு பேருக்கு ஊத்திக் குடுக்கறவருன்னா பெரிய மனுசன்னு சபையில சொல்லிக்கலாம். நடவு நடுற பொம்பளைங்களுக்குத் தண்ணி தூக்கறவன் என் சம்பந்தின்னு எப்படிய்யா சொல்றது?"

ஆகாஷ் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அப்பா சொன்னா சரிதான்" என்றான். அவர்கள் கொண்டுவந்த தட்டு, பழத்தோடும் பூவோடும் திரும்ப வேனுக்குப் போனது. பட்டம்மாள் அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் வேன் போகவில்லை. டிரைவரைக் காணோம். நிச்சயம் முடிய நேரமாகும் என்று அவன் ஒயின்ஷாப்பைத் தேடிப் போய்விட்டான். போனையும் எடுக்கவில்லை. பன்னிரண்டு பேரும் பூட்டிய வேனுக்கு வெளியில், வெயிலில் நின்றார்கள். ஷாமியானாவுக்குத் திரும்பிவர ரோஷம் விடவில்லை. அரைமணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. கடைசியில் அறிவழகன்தான் வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது.

"கொஞ்சம் தண்ணி…" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மாமா எழுந்து சொம்பை எடுத்தார். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல அந்த மனுஷனுக்குத் தெரியாது. அதற்குள் வினோதினி பட்டுப்புடவையோடு வந்து, அப்பா கையிலிருந்த சொம்பை வாங்கினாள். கேனைத் திறந்து, தளும்பத் தளும்பப் பிடித்து, அறிவழகனிடம் நீட்டினாள்.

"வயிறு நெறையக் குடிங்க. ஆனா வாய் வெக்காம அண்ணாந்து குடிங்க. நாளைக்கு நடவு ஆளுங்க குடிக்கற சொம்பு இது."