மறைத்த தும்மல்

லாவுங் தும்மியது, அவனும் மச்சானும் வேட்டைக்குக் கிளம்ப வேண்டிய காலையில்.

அடுப்பின் முன் குனிந்து, சாம்பலுக்குள் புதைத்திருந்த கிழங்குகளைக் கிளறிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். மூக்கில் ஏதோ ஏறியது. ஒரே ஒரு தும்மல், அதுவும் சின்னது. வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். மனைவி அபுஸ் முதுகைக் காட்டியபடி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. வாசலில் அவனுடைய தங்கை கணவன் தியாங் காலில் சுற்றிய தோல்வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவனும் நிமிரவில்லை.

வேட்டைக்குக் கிளம்பும் காலையில் ஒருவன் தும்மினால் அன்றைக்குப் பயணம் கிடையாது. துப்பாக்கியை மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டுத் தினைக்காட்டுக்குக் களை எடுக்கப் போய்விடுவார்கள். புனுன் மலைக்குடிகளின் ஊர்களில் இதைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை. மழை வந்தால் நனைவோம் என்பதைப் போல அது.

சாம்பல் ஏறி வந்த தும்மல் கணக்கில் சேராது என்று லாவுங் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஏற்கெனவே ஒரு நாள் போயிருந்தது. முந்தின நாள் காலை, பைகளெல்லாம் கட்டி முடித்து வாசலைத் தாண்டும் நேரத்தில் தியாங் குசு விட்டான். அதுவும் தும்மலைப் போலத்தான், பயணம் நின்றுபோகும். லாவுங் அன்று முழுக்க ஊருக்கே கேட்கும்படி அவனை வாரினான்.

"என்னத்தத் தின்னே மச்சான்? இந்நேரம் உச்சி மலை வரைக்கும் கேட்டிருக்கும். மானெல்லாம் குடும்பத்தோட அந்தப் பக்கம் இறங்கிப் போயிருக்கும்."

"நீ பேசாத மச்சான். போன வருசம் மான் முன்னாடி நின்னப்ப உன் துப்பாக்கிதான் புஸ்ஸுன்னு போச்சு. என்னோடதாவது சத்தமா வெடிச்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். லாவுங்கும் சிரித்தான். ஆனால் அந்தப் பேச்சு அவனுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. காது எய்யும் விழாவுக்கு இன்றிலிருந்து ஒன்பது நாள்தான் இருந்தது. கம்பத்தில் மான் காதுகளைக் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைகளின் கையில் வில்லைக் கொடுத்து எய்யச் சொல்லும் நாள் அது. அவன் மகன் முதல்முறையாக அம்பு தொடப் போகிற வருடம். இரண்டு வருடமாக லாவுங் வீட்டிலிருந்து கம்பத்துக்கு ஒரு காதுகூடப் போகவில்லை. ஏற இரண்டு நாள், தேட இரண்டு நாள், இறைச்சியைப் புகையில் வாட்ட இரண்டு நாள், சுமையோடு இறங்க மூன்று நாள். இன்னொரு நாள் போனால் இந்த வருடமும் இல்லை. முந்தின நாள் அவ்வளவு வாரிவிட்டு, இன்று போய்த் 'தும்மிவிட்டேன்' என்று சொல்வதா?

"போலாமா மச்சான்?" என்றான் தியாங்.

"போலாம்."

லாவுங்குக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதினான்கில் அப்பாவை இழந்தவன். துப்பாக்கிக்குக் கரிமருந்து அரைப்பதையும் குழலில் மருந்து கெட்டிப்பதையும் அடுத்தவர்கள் செய்யும்போது பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். குறி சுமார்தான். அவன் பெயர் பெற்றது சுமையில். பள்ளிக்கூடம் கட்டியபோது கூரைத் தகரங்களை ஆற்றங்கரையிலிருந்து நெற்றிப்பட்டையில் தொங்கவிட்டு ஏற்றியவன் அவன்தான். அந்தப் பட்டை அழுத்தி அழுத்தி அவன் நெற்றியில் குறுக்கே ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை, குட்டை மூங்கில் புதர்களுக்கு மேலே இருந்த புல்வெளியில் அந்தக் கடமான் நின்றது. பெரிய கிடா. மூடுபனி விலகி விலகி மூடியது. லாவுங்குக்குப் பாறை மறைத்தது. தியாங் சுட்டான். குண்டு வயிற்றில் தாழப் பட்டது. மான் ஒரு முறை துள்ளி, காட்டுக்குள் மறைந்தது.

அடிபட்ட கடமான் தண்ணீரைத் தேடிக் கீழேதான் இறங்கும். பின்னாலேயே ஓடக் கூடாது. ஒரு குழாய் புகையிலை பிடித்து முடிக்கும் நேரம் உட்கார வேண்டும். மான் எங்காவது படுத்துவிடும். ஆனால் மழை தூற ஆரம்பித்தது.

"ரத்தத்த மழை கழுவிடும், மச்சான்," என்றான் தியாங். "நான் முன்னால போறேன்."

"கொஞ்சம் பொறு."

அவன் பொறுக்கவில்லை. பலகைக்கற்கள் குவிந்து கிடந்த சரிவில் பக்கவாட்டில் இறங்கினான். கற்கள் ஒட்டுமொத்தமாக நகரும் சத்தம் லாவுங்குக்குக் கேட்டது. அப்புறம் ஒரு கத்தல். பிறகு கற்கள் மட்டும் வெகுநேரம் உருண்டன.

லாவுங் சுற்றி இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது தியாங் ஓடைக்கரையில் மல்லாந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே வலதுகால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முப்பது அடி தள்ளி, வாயைத் தண்ணீருக்குள் வைத்தபடி மான் செத்துக் கிடந்தது.

"மான் விழுந்துச்சா மச்சான்?"

"விழுந்துச்சு."

"அப்ப சரி," என்று தியாங் கண்ணை மூடிக்கொண்டான்.

வழக்கப்படி மானின் ஈரலில் ஒரு துண்டை மலைக்கு எறிந்து, அதன் கூட்டாளிகளையும் வரச் சொல்லிக் கூப்பிட வேண்டும். லாவுங் கூப்பிடவில்லை. எந்த வாயால் கூப்பிடுவான்? கம்பத்துக்கென்று காதையும் அறுக்கவில்லை. சூடாக இருந்த ஈரலை அறுத்துத் தியாங்கின் வாயில் ஊட்டினான். தன் துப்பாக்கியிலிருந்த மருந்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, அதையே உடைந்த காலோடு சேர்த்து வைத்துக் கொடியால் கட்டினான். ஊருக்கு ஓடி ஆள் கூட்டி வர நான்கு நாள் ஆகும். அந்தக் குளிரில் நனைந்த மனிதன் ஒரு நாள் தாங்குவதே பெரிது. இறைச்சிக்காகக் கொண்டுவந்த சுமைச்சட்டத்தில் தியாங்கை உட்கார வைத்தான். பட்டையை நெற்றியில் மாட்டி எழுந்தான். இரண்டு மாதத்துக்கு இரண்டு வீடும் தின்றிருக்கக்கூடிய இறைச்சியைக் காக்கைகளுக்கு விட்டுவிட்டு நடந்தான்.

சட்டத்தில் உட்கார்ந்தவன் முதுகுக்குப் பின்னால் இருப்பான். லாவுங்கால் அவனைப் பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும்.

அன்று பாறைக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்தார்கள். மறுநாள் முகட்டில் மழை நிற்கவே இல்லை. காலையில் வலியில் கத்திக்கொண்டிருந்த தியாங், பொழுது ஏற ஏற அடங்கினான்.

"தூக்கமா வருது மச்சான்."

"தூங்காத. உன் மூத்தவ பேரு என்ன சொல்லு."

லாவுங் சட்டத்தைக் குலுக்கினான்.

"தங்கச்சிகிட்ட நான் என்னடா சொல்றது? பேசுடா!"

தலை தொங்கி, லாவுங்கின் பிடரியில் இடித்து இடித்து ஆடியது. அவனுக்குச் சொல்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. தொண்டையில் மூன்று நாளாகக் கிடந்தது தானாகவே வெளியே வந்தது.

"மச்சான், கிளம்பின அன்னிக்கு நான் தும்மினேன். மறைச்சுட்டேன்."

முதுகில் கனம் அசைந்தது.

"என்ன சொன்னே?"

"தும்மினேன்."

"அட நாசமாப் போறவனே!" பின்னாலிருந்து ஒரு குத்து அவன் காதின் மேல் விழுந்தது. "நான் குசு விட்டதுக்கு ஊரக் கூட்டினியேடா! தும்மிட்டு வாயப் பொத்திக்கிட்டு என்னைய மலைக்குக் கூட்டியாந்தியா? இறக்குடா! உன் முதுகுல வர்றதுக்கு இங்கயே சாவேன். இறக்குடா நாயே!"

குத்துகள் விழுந்துகொண்டே இருந்தன. லாவுங் நடந்தான். பிடரியில் தியாங்கின் மூச்சு இப்போது சூடாகப் பட்டது. அந்தச் சூடு போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு தியாங் அடங்கும்போதெல்லாம் அவன், "சாம்பல்னாலதான் தும்மினேன், அது சேராது மச்சான்," என்பான். உடனே வசவு வரும். அவன் அப்பனை, அப்பனின் அப்பனை, அவன் துப்பாக்கியை, அதைச் செய்த இரும்பை, எல்லாவற்றையும் தியாங் திட்டினான். லாவுங் ஒவ்வொரு வசவையும் எண்ணிக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தான்.

சுமக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் அதுவும் பலிக்கவில்லை.

"சாம்பல் மச்சான்."

ஒன்றுமில்லை.

"நீ விட்டதுதான் சத்தம் பெருசு."

ஒன்றுமில்லை.

பாதை மண்சரிவில் அறுந்து கிடந்த இடம் அது. ஓர் அடி அகலத்தில் குறுக்கே போக வேண்டும். சுமையை இறக்கினால் தனியாளாக மறுபடியும் தூக்கி எழ முடியாது. காலில் அந்த வலு தீர்ந்திருந்தது. இறக்காமல் தியாங்கின் முகத்தைப் பார்க்கவும் முடியாது; குளிரில் மரத்துப்போன பிடரியில் மூச்சும் தெரியவில்லை. முதுகில் இருப்பது மச்சானா, பிணமா? தெரியாமலே லாவுங் அரை நாள் நடந்தான். நெற்றித் தோல் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. 'செத்திருந்தால் நானும் இந்தச் சரிவிலேயே சரிந்துவிடலாம்' என்று ஒரு முறை நினைத்தான். செத்தானா என்று தெரியாததால் சரியவும் முடியவில்லை.

சரிவைத் தாண்டிய இடத்தில் முதுகெலும்பு வழியாக வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. ரத்தம் என்று நினைத்தான். பிறகு வாடை வந்தது. தியாங் மூத்திரம் பெய்திருந்தான்.

பிணம் இப்படிச் சூடாகப் பெய்யாது. லாவுங் வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தான். "பெய்யி மச்சான், நல்லாப் பெய்யி," என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

தினைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். தங்கை இபு ஓடி வந்தாள். கணவனின் காலில் இருந்த கட்டை அவிழ்க்கக் கையை நீட்டியவள், உள்ளே துப்பாக்கியைக் கண்டதும் நின்றாள். பெண் கை பட்ட துப்பாக்கி அப்புறம் வேட்டைக்கு ஆகாது. ஒரு மூச்சு நேரம்தான் நின்றாள்.

"போகட்டும் போ," என்று முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

கீழிருந்து வந்த வைத்தியர் எலும்பைச் சேர்த்துக் கட்டினார். உயிருக்குப் பயமில்லை, கால் குட்டையாகும் என்றார். மச்சானுக்காக மானை விட்டு வந்தவன் என்று ஊரே லாவுங்கைக் கொண்டாடியது. பார்க்க வந்தவர்கள் அவன் நெற்றிக் காயத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தும்மலைப் பற்றித் தியாங் யாரிடமும் மூச்சு விடவில்லை. லாவுங் பார்க்கப் போனால் மட்டும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விழா வந்தது. கம்பத்தில் அந்த வருடமும் பிறர் வீட்டுக் காதுகள்தான் தொங்கின. எய்து முடிந்ததும் ஆண்கள் வட்டமாகக் குந்தினார்கள். தினைக் கள் நிறைந்த கிண்ணம் கை மாறி வந்தது. கிண்ணம் யாரிடம் வருகிறதோ அவன் தன் வேட்டையை ஒவ்வொரு வரியாகக் கத்த வேண்டும். ஒவ்வொரு வரியையும் வட்டம் முழுவதும் திருப்பிக் கத்தும். கடைசி வரி, தாயின் குலப்பெயர். தியாங்கைப் பலகையோடு தூக்கிக்கொண்டு வந்து ஓரத்தில் கிடத்தியிருந்தார்கள்.

கிண்ணம் லாவுங்கிடம் வந்தது. 'தூக்கி வந்தேன்' என்று கத்தினால் போதும். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவன் தியாங்கைப் பார்த்தான். தியாங் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தான்.

"நான் தும்மினேன்!" என்று கத்தினான் லாவுங்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. புகைத்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் புகைக்குழாயை வாயிலிருந்து இறக்கினார்.

பலகையில் படுத்திருந்தவன் ஒற்றைக் கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

"நான் தும்மினேன்!" என்று, திட்டுவதைப் போலவே, தொண்டை கிழியக் கத்தினான் தியாங்.

பிறகு வட்டம் கத்தியது.

"மறைத்தேன்!"

"மறைத்தேன்!"

"மச்சான் விழுந்தான்!"

"மச்சான் விழுந்தான்!"

தாயின் குலப்பெயரைச் சொல்லும்போது அவன் குரல் எழும்பவில்லை. மற்றவர்கள்தான் அதைக் கத்தி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு லாவுங்கை யாரும் முன்னால் நடக்கவிடவில்லை. வேட்டைக் கூட்டத்தில் சுமைக்காரனாகக் கடைசியில் நடந்தான். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தான். ஒவ்வொரு பயணத்தன்றும் ஆட்கள் கிளம்பும் முன்பே குட்டைக்கால் சத்தம் அவன் வாசலில் வந்து நிற்கும்.

"தும்முனியா மச்சான்?"

"இல்ல."

"உண்மையச் சொல்லு."

"இல்லன்னு சொல்றேன்ல."

அதற்கு மேல் ஒன்றும் பேசாமல், தியாங் அவன் நெற்றிப்பட்டையின் முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டு திரும்பிப் போவான்.