சிவப்புத் துணி கட்டிய கைப்பிடி

இந்தப் பதிவில் ஒரு படம்கூட இல்லை. எடுத்தது நாற்பத்திரண்டு. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம், போட்டிக்குச் சுடுகிறவர்களுக்கு ஏர் ரைஃபிள் செய்து தரும் சின்னப் பட்டறை ஒன்று இருப்பதாகத் தல்லாகுளத்தில் என் எதிர்வீட்டுக்காரர் சொன்னார். விடுவேனா? போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் காலை 9.10க்கு பஸ், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், ஐம்பது நிமிடம். திருமங்கலத்திலிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

"துப்பாக்கிப் பட்டறைக்கா? போலீஸாண்ணே நீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்ல, பிளாக் எழுதுறேன்."

"அதுல எம்புட்டு வருது?"

ஒன்றும் வராது என்றேன். அவர் ரேடியோவைப் போட்டார்.

பட்டறை தகரக் கொட்டகைதான். ஆனால் உள்ளே தரையில் ஒரு இரும்புத் தூள் இல்லை. இரண்டு லேத், இரும்பை அளவாகச் செதுக்கும் மில்லிங் மிஷின் ஒன்று, ஓரத்தில் ஒரு டிரில். முதலாளி காதர் பாய், பரல் என்கிற துப்பாக்கிக் குழலை ஒரு முனையில் பிடித்து, "உள்ள பாருங்க சார், தலைமுடிய நாலா வகுந்த மாதிரி அளவு" என்றார். மில்லிங் மிஷினில் நின்றவர் முருகேஸ்வரி. முப்பது வயதிருக்கும். நான்கு வருஷம் டிரில்லிலேயே ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவர், கேட்டுக் கேட்டு ஆறு மாதம் முன்புதான் மில்லுக்கு வந்தாராம். "இந்த மிஷினுக்காகப் பாய் கால நான் பிடிக்காத நாள் இல்லண்ணே" என்று சிரித்தார்.

ரைஃபிளின் உடல்பாகமாகப் போகும் இரும்புக் கட்டையைப் பூட்டி, கைப்பிடிச் சக்கரத்தைச் சுழற்றிப் பூஜ்யம் பிடித்தார்; அதாவது, வெட்டு தொடங்க வேண்டிய இடத்தில் சக்கரத்தின் பூஜ்யத்தைக் கோட்டுக்கு நேரே நிறுத்தினார். அரைமணி நேரம் ஆனது. பிறகு கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியை முடிச்சுப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். துணி கட்டிய கைப்பிடியை, கட்டியவரைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். கட்டியவரும் திரும்பி வந்து அளவை மறுபடி பார்க்க மாட்டார். அதுதான் அந்தப் பட்டறையின் வழக்கம். இதைக் காதர் பாய் எனக்கு வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நான் தலையும் ஆட்டியிருந்தேன்.

1.20க்கு எல்லோரும் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் அந்தச் சக்கரத்தின் மேல் அப்படி விழுந்தது. அழுக்குத் துணி ஒன்றுதான் இடைஞ்சல். அவிழ்த்தேன். படம் எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாமே, பாவி! சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க ஆசை வந்தது. வெண்ணெய் மாதிரி சுழன்றது. முன்னால் சில சுற்று, பின்னால் சில சுற்று. பிறகு பொறுப்பாகப் பூஜ்யத்தைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, துணியைக் கட்டிவைத்தேன். ஒரு முழுச் சுற்றுக்கு நாலு மில்லிமீட்டர் நகரும் என்றும், ஒரு சுற்று தப்பினாலும் பூஜ்யம் அதே இடத்தில்தான் வந்து நிற்கும் என்றும் எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு முருகேஸ்வரி வந்தார், துணியை அவிழ்த்தார், வெட்டினார். மிஷின் நின்றதும் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. காதர் பாய் வந்து அளந்தார்.

"நாலு மில்லி தள்ளி வெட்டிருக்க. கட்டை போச்சு. பூஜ்யம் பிடிக்கத் தெரியாம எதுக்கு இந்த மிஷினு? நாளையிலருந்து டிரில்லுக்கே போ."

முருகேஸ்வரி கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. எனக்கும் ஒரு கிளாஸ் தந்தார்கள். குடித்தேன். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியும்விட்டேன்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கேமராவைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். கேமராவை மூடினேன். திருநகரில் இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தேன். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது 4.40.

காதர் பாயிடம் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "முருகேஸ்வரி, காலையில மில்லுக்கே வந்துரும்மா" என்று கத்திச் சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னிடம் போய் வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

முருகேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்ணே. வெட்டுனப்புறம்தான் பாத்தேன், முடிச்சு என் முடிச்சு இல்ல. பாக்காம அவுத்தது என் தப்பு."

"அப்பவே பாய்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்ணே. நீங்க டீயக் குடிச்சீங்க."

கூசிப்போனேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

போக நினைப்பவர்களுக்கு: முதல்நாளே போனில் கேட்டுக்கொண்டு போங்கள், ஞாயிறு விடுமுறை. கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், திருமங்கலத்திலிருந்து நிறைய உண்டு. சிவப்புத் துணியைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால், டீ வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நான் கிளம்பும்போது முருகேஸ்வரி மறுநாள் காலை வேலைக்காகப் புதுக் கட்டையைப் பூட்டி, பூஜ்யம் பிடித்து, துணி கட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை இரண்டு முடிச்சு போட்டார்.